பாக்காசூக்கஸ் – பூனைமுதலை

ஏறத்தாழ 10.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், இன்றைய தான்சானியாவின் ருக்வா பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் வாழ்ந்து அற்றுப்போன சிறு விலங்கொன்றின் பேரினப் பெயர் பாக்காசூக்கஸ். பாட்ரிக் ஓ'கானர் தலைமையிலான குழுவினர் 2010ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் இதனை அறிமுகப்படுத்தினர்.

பெயரின் முற்பகுதியான 'பாக்கா' என்பதற்குச் சுவாகிலி மொழியில் பூனை என்று பொருள். பிற்பகுதி, எகிப்தியரின் முதலைத் தெய்வமான சோபெக்கைக் கிரேக்கர் வழங்கிய 'சூக்கோஸ்' என்னும் பெயரின் இலத்தீன் வடிவம். புதைபடிவ முதலையினங்கள் பலவற்றின் பெயர்களில் இவ்வீறு உண்டு; மடகாஸ்கரில் கிடைத்த சிமோசூக்கஸ் 'சப்பை மூக்கு முதலை' எனப் பொருள்படும்.

வீட்டுப் பூனையளவே இருந்தது என்பது மட்டும் இப்பெயருக்குக் காரணமன்று. பற்களே முதன்மையான காரணம். கிடைத்த மண்டையோட்டின் தாடைகள் இறுக மூடியிருந்தமையால், அதைச் சிடி ஸ்கேன் செய்த பிறகே உள்ளிருந்த பல்வரிசை தெளிவாயிற்று. இன்றைய முதலைகளின் பற்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கூம்புகள். அவை இரையைப் பற்றவும் கிழிக்கவும் உதவுமேயன்றி மெல்ல உதவா. பாக்காசூக்கஸுக்கோ பாலூட்டிகளைப் போலக் கோரைப்பல்லும் கடைவாய்ப்பற்களும் தனித்தனி வடிவில் அமைந்திருந்தன; மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி உணவை அரிந்தன. மெலிந்த கால்களும், வாலில் மட்டும் செறிந்திருந்த எலும்புத் தகடுகளும் இது தரைவாழ் விலங்கு என்பதைக் காட்டுகின்றன.

தமிழில் இதனைப் 'பூனைமுதலை' என்று வழங்கலாம். பூனை போன்ற முதலை என விரிவதால் இஃது உவமைத்தொகை. 'பூனைப்பல் முதலை' என்பது நுட்பமானதாகத் தோன்றினும், மூலப்பெயரில் இல்லாத பல்லை நாமாகச் சேர்ப்பது தேவையற்றது. நோட்டோசூக்கியர் என்னும் அற்றுப்போன கிளையைச் சேர்ந்த இவ்விலங்கு, இன்றைய முதலைகளின் மூதாதையன்று, உறவினமே. ஆதலால் 'முதலை' எனலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். மூலச்சொல்லே அந்தத் தளர்வை ஏற்றிருக்கையில், தமிழ்ச்சொல் மட்டும் கூடுதல் கண்டிப்புக் காட்ட வேண்டியதில்லை. கட்டுரைகளில் முதன்முறை வரும்போது மட்டும் பாக்காசூக்கஸ் என்பதையும் உடன் தருவது நன்று.

'கபிலிமாய்' என்னும் சிற்றினப் பெயர், தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயிதி கபிலிமாவின் நினைவாக இடப்பட்டது. ஆட்பெயர் ஆதலின் அதனை மொழிபெயர்த்தலாகாது.