ஸ்பேசர்: சக்கர இடைவட்டு

கார் சக்கரத்துக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் (அச்சின் முனையில் சக்கரத்தோடு சுழலும் பாகம்) நடுவே வைக்கிற வட்டமான உலோகத் துண்டைத்தான் வீல் ஸ்பேசர் என்கிறோம். பெரும்பாலும் அலுமினியக் கலவையில் கடைந்திருப்பார்கள். 3 மி.மீ. தொடங்கி 30 மி.மீ., அதற்கு மேலும் கனம் உண்டு. தன் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரத்தை வெளியே தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அகல டயர் உள்பக்கம் உரசும்போதும், பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) அலாய் வீலில் இடிக்கும்போதும் இதைத் தேடுவார்கள். சக்கரம் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்பது பிடிக்காமல் மாட்டுகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

லத்தீனில் 'ஸ்பாட்டியும்' என்றால் இடம், தொலைவு, கால இடைவெளி. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஸ்பேஸ்' ஆனது. செய்வதைக் குறிக்கும் விகுதி சேர்ந்ததும் ஸ்பேசர். இரண்டு பொருள்களைத் தள்ளி நிறுத்துவது எதுவானாலும் ஆங்கிலத்தில் அதற்கு இதே பெயர்தான். தரையில் டைல்ஸ் ஒட்டும்போது நடுவே செருகும் பிளாஸ்டிக் கூட்டல் குறியும் ஸ்பேசர், ஆஸ்துமா இன்ஹேலரோடு மாட்டும் குழாயும் ஸ்பேசர்.

இதனால்தான் ஒரே தமிழ்ச் சொல்லை எல்லாவற்றுக்கும் போட முடியாது. 'இடைவெளியாக்கி' என்று மொழிபெயர்த்தால் டைல்ஸுக்குச் சரியாகவே இருக்கிறது, அங்கே உண்மையில் ஒரு சந்து விடுகிறோம். சக்கரத்தில் நடப்பது நேர் எதிர். ஹப்பும் ஸ்பேசரும் சக்கரமும் ஒன்றோடொன்று முழுப் பரப்பிலும் ஒட்டி நிற்க வேண்டும். நட்டை முறுக்கும்போது அந்தப் பரப்புகள் நெருக்கப்பட்டு, அவற்றுக்கிடையே உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் பிடிக்கிறது. ஒரு துரு பொருக்கு உள்ளே மாட்டிக்கொண்டாலே அந்தப் பிடி குறைந்து, ஓட ஓட நட்டு தளரும். இடைவெளியே கூடாத ஒன்றுக்கு இடைவெளியைப் பெயராக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஜெர்மன்காரர்கள் இதை 'ஷ்பூர்ப்ளாட்ட' என்கிறார்கள். ஷ்பூர் என்றால் தடம், ப்ளாட்ட என்றால் தகடு. பொருளையும் பயனையும் சேர்த்துச் சொல்லும் நல்ல பெயர். தமிழில் தகடு என்றால் மெல்லியது என்று தோன்றும், 25 மி.மீ. துண்டைத் தகடு என்று சொல்ல வாய் வராது. 'வட்டு' பொருந்தும். இறுவட்டு, வன்வட்டு என்று புழங்கிய சொல்தான், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருப்பதையும் வட்டு என்றே சொல்கிறோம். எனவே 'சக்கர இடைவட்டு' என்பது என் தேர்வு. பட்டறையில் ஸ்பேசர் என்றே கேளுங்கள், எழுதும்போது இடைவட்டு என்று எழுதலாம்.

வாங்கும்போது மூன்று அளவுகள் முக்கியம். முதலாவது பி.சி.டி., அதாவது போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம். மாருதி ஸ்விஃப்டுக்கு 4×100: நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5×100. அடுத்தது நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ., போலோவுடையது 57.1. துளை ஹப்பை இறுகப் பிடித்து உட்கார்ந்தால் அதை ஹப் சென்ட்ரிக் என்பார்கள். 3 மி.மீ. ஆட்டம் இருந்தால் வட்டை மையப்படுத்த நட்டுகளை மட்டும் நம்ப வேண்டும். மையம் கொஞ்சம் விலகினாலும் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்றாவது கனம். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். சக்கரத்தின் உள்பக்கம் 'இ.டி. 45' என்று பொறித்திருந்தால் (அதன் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 45 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று பொருள்), 20 மி.மீ. வட்டு போட்டதும் அது 25-க்குச் சமமாகிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து அச்சின் தடம், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு நடுவேயுள்ள அகலம், 40 மி.மீ. அகலும். பேரிங்கின் மேல் நெம்பும் விசை கூடும், ஸ்டியரிங் உணர்வும் மாறும். ஆளும் சுமையும் ஏறி வண்டி தாழும்போது டயர் மட்கார்டின் விளிம்பில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பிரச்சினையைத் தீர்க்க 5 மி.மீ. போதுமென்றால் 15 போடாதீர்கள்.

மெல்லிய வட்டு ஹப்பின் நடுவே நீட்டி நிற்கும் விளிம்பை ஓரளவு மறைத்துவிடும், மிச்ச விளிம்பு சக்கரத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள். போல்ட்டின் நீளமும் அதே கணக்கு. ஸ்விஃப்டின் ஸ்டட் (ஹப்பிலேயே பதிந்து நிற்கும் புரித் தண்டு) 12 மி.மீ. தடிமன், ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் 1.25 மி.மீ. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு புரியில் இறங்க வேண்டும் என்பது பொது வழக்கு, அதாவது சுமார் 10 சுற்று. அது கிடைக்காவிட்டால் நீள ஸ்டட் வேண்டும், அல்லது தனக்கென ஸ்டட் உள்ள கனமான வகை வேண்டும். போலோவில் ஸ்டட் இல்லை, போல்ட்டுதான். அங்கே வட்டின் கனத்துக்கேற்ற நீளத்தில் புது போல்ட் வாங்க வேண்டும். மிகையாக நீண்டால் பின்னால் இருக்கும் பாகத்தில் இடிக்கும். நீளத்தை ஈடுகட்ட வாஷர் அடுக்குவதோ, வட்டுக்குப் பதில் ஸ்டட்டில் வாஷர் கோப்பதோ வேண்டவே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது முதல் வேலை கம்பித் தூரிகை. ஹப் முகத்தைத் துரு போகத் தேய்த்து, வட்டை வெறுமனே வைத்து, ஆடாமல் படிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக முறுக்கி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) முடியுங்கள். ஏர் கன்னால் அடித்து முடிப்பது கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். தனி ஸ்டட் உள்ள வகையென்றால் அதை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குள் மறைந்திருக்கும், பஞ்சர் கடைக்காரர் கண்ணில் படாது. சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றுக்கும் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள்.