கடையை விற்று, காகிதத்தை வைத்துக்கொண்டவர்கள்

தேக்கா நிலையத்தில் நான் வழக்கமாக உட்காரும் மேசைக்கு ஓர் அண்ணன் வருவார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதை வாசித்துவிட்டு நேரிலேயே சண்டை பிடிக்கிற வாசகர். போன வாரம் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மோட்டரோலா மடக்கு போனை எடுத்து மேசைமேல் வைத்தார். 2024-இல் சிங்கப்பூரில் 3ஜி சேவையை நிறுத்தியதிலிருந்து அது அலாரம் அடிக்க மட்டும்தான் உதவுகிறது.

"தம்பி, இந்தக் கம்பெனிய கூகுள் 1,250 கோடி டாலருக்கு வாங்கி, ரெண்டு மூணு வருஷத்துல 291 கோடிக்கு வித்துட்டாங்களாமே. அவ்வளவு படிச்சவங்களுக்குக் கணக்கு தெரியாதா?"

நன்றாகவே தெரியும். மோட்டரோலா மொபிலிட்டியை வாங்கப்போவதாக 2011 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது; கைக்கு வந்தது 2012 மே மாதம். வாங்கிய பெட்டிக்குள்ளேயே 290 கோடி டாலர் ரொக்கம் இருந்தது. செட்டாப் பாக்ஸ் பிரிவை ஆரிஸ் நிறுவனத்துக்கு 235 கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். போன் தயாரிக்கும் பிரிவை 2014-இல் லெனோவோவுக்குக் கொடுத்தார்கள். ஆனால் கூடவே வந்த சுமார் 17,000 காப்புரிமைகளில் பெரும்பாலானவை கூகுளிடமே தங்கிவிட்டன. காப்புரிமைகளுக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்துக் கூகுள் தன் கணக்கில் எழுதிக்கொண்ட மதிப்பு 550 கோடி. கடை வேண்டாம், பீரோவில் இருக்கிற பத்திரம் போதும் என்கிற வியாபாரம் இது.

பத்திரத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம்? மோட்டரோலாவை வாங்கும் அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்புதான், திவாலான கனடா நிறுவனம் நார்டெலின் சுமார் 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தன. கூகுள் கேட்ட தொகைகளில் ஒன்று 314.159 கோடி டாலர். ஆமாம், பள்ளிக்கூடத்தில் படித்த அதே பை. இன்னொரு சுற்றில் புரூன் மாறிலி என்ற கணித எண்ணைத் தொகையாகச் சொன்னார்கள். கனவில் வந்த எண்ணை 4டி லாட்டரியில் கட்டுகிற நம் ஊர்க்காரர்களைப் பார்த்து இனி யாரும் சிரிக்க வேண்டாம். கடைசியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன் முதலியோரின் கூட்டணி 450 கோடிக்கு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது. ஆண்ட்ராய்டைச் செய்த கூகுளிடம், வழக்கு வந்தால் திருப்பி அடிக்கப் போதுமான காகிதம் இல்லை.

காப்புரிமை என்பது ஒரு பொருளைச் செய்யும் உரிமை அல்ல, இன்னொருவர் செய்வதைத் தடுக்கும் உரிமை. ஒரு கைபேசிக்குள் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருப்பதால் எல்லார் குடுமியும் எல்லார் கையிலும். அதற்காக எல்லாக் காகிதமும் ஒரே எடை என்று நினைத்துவிடக் கூடாது. வைஃபை, காணொளிச் சுருக்கம் சம்பந்தமான சில காப்புரிமைகளுக்காக மைக்ரோசாஃப்டிடம் மோட்டரோலா கேட்ட விகிதப்படி ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் வந்திருக்கும். 2013-இல் அமெரிக்க நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் போதும் என்றார். கோடி இல்லை, லட்சம்.

"சரி, அந்தக் காகிதத்துல அப்படி என்னதான் எழுதியிருக்கும்?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பெரும்பாலானவற்றை வாசித்தால் தூக்கம் வரும். ஆனால் மேசைமேல் கிடந்த அந்தச் செத்துப்போன 3ஜி போனுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. எனக்கு அது உயிர்.

முத்துவும் மெய் லிங்கும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே கைபேசிக் கோபுரத்தோடு பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜிஎஸ்எம் முறையில் நேரத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். 3ஜிக்கு அடிப்படையான சிடிஎம்ஏ முறையில் ஆளுக்கொரு குறியீடு. முத்துவுக்கு +1, +1. மெய் லிங்குக்கு +1, −1. 'ஆம்' சொல்ல நினைப்பவர் தன் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். 'இல்லை' என்றால் குறிகளை மாற்றி அனுப்ப வேண்டும்.

முத்து 'ஆம்' என்கிறார்: +1, +1. அதே கணத்தில் மெய் லிங் 'இல்லை' என்கிறார்: −1, +1. இரண்டும் காற்றில் கலந்து கோபுரத்துக்குப் போய்ச் சேர்வது 0, 2. பார்த்தால் குப்பை. ஆனால் அந்தக் குப்பையை முத்துவின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 2 = 2. நேர் எண், ஆகவே 'ஆம்'. மெய் லிங்கின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டினால் 0 − 2 = −2. எதிர் எண், ஆகவே 'இல்லை'. கலந்த பாலையும் நீரையும் கூட்டல் பெருக்கலை வைத்தே பிரித்தாயிற்று. அண்ணன் ஒரு டிஷ்யூ தாளில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துத்தான் நம்பினார். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத இத்தகைய வரிசைகளை 1923-இல் எழுதி வைத்தவர் ஜோசப் வால்ஷ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். கைபேசி அவர் கனவில்கூட வந்திருக்காது. 'இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் மானிய விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வால்ஷ் ஞாபகம்தான் வரும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை. இரண்டு போன்களின் துடிப்புகளும் கோபுரத்தில் ஒரே தாளத்தில் போய் இறங்கினால்தான் கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும். ஒருவர் 100 மீட்டரில் நிற்கிறார், இன்னொருவர் ஒரு கிலோமீட்டரில் நிற்கிறார் என்றால் தாளம் தப்பும். பிரித்த பிறகும் மற்றவர் குரலில் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தூரம் 10 மடங்கு கூடினால் திறந்த வெளியிலேயே அலையின் வலிமை 100 மடங்கு குறையும். அடுக்குமாடிகள் நிறைந்த ஊரில் இன்னும் மோசம். பக்கத்தில் நிற்கும் முத்துவின் மிச்சமே மெய் லிங்கின் குரலை விழுங்கிவிடும்.

கோயில் விழா மேடையில் மைக்செட்காரரைக் கவனித்திருப்பீர்கள். தவில் மைக்கை இறக்குவார், பாடுபவரின் மைக்கை ஏற்றுவார், ஒருவரை ஒருவர் அமுக்காமல் பார்த்துக்கொள்வார். கோபுரமும் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு போனிடமும் 'கொஞ்சம் ஏற்று', 'கொஞ்சம் இறக்கு' என்று ஓயாமல் கட்டளை அனுப்புகிறது. 3ஜியில் விநாடிக்கு 1,500 முறை! அண்ணன் அந்த மடக்கு போனில் மனைவியிடம் "மீன் வாங்கிட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் சில ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கும். எல்லார் குரலும் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும்போதுதான் வால்ஷின் கணக்குக்கு உறவுக்காரர்களான குறியீடுகள் அங்கே வேலை செய்யும்.

வெறும் கணிதத்துக்குக் காப்புரிமை கிடையாது. மைக்செட்காரர் வேலைக்கு உண்டு. அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் 1991-இல் வாங்கிய காப்புரிமைகளில் ஒன்று இந்தச் சக்திக் கட்டுப்பாட்டைப் பற்றியதுதான்.

இதே ஏற்ற இறக்கம் 4ஜி, 5ஜியிலும் தொடர்கிறது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் முணுமுணுக்கும். மோசமான இடத்தில் கத்தும். 'எங்கள் புளோக்குக்கு அருகே கோபுரம் வேண்டாம், கதிர்வீச்சு' என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் செய்திகளை அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கோபுரம் தள்ளிப் போகப் போக, அவர்கள் காதோரம் வைத்திருக்கும் போன்தான் உரக்கக் கத்தும்.

அப்புறம், காகிதத்தை வைத்துக்கொண்டு கடையை விற்பதில் கூகுளுக்கு அண்ணன் இந்தக் குவால்காம். 1999-இல் எரிக்சனோடு நடந்த காப்புரிமைச் சண்டையைச் சமாதானமாக முடித்தபோது, கோபுரக் கருவிப் பிரிவை எரிக்சனுக்கே விற்றது. அடுத்து போன் பிரிவு ஜப்பானின் கியோசெராவுக்குப் போனது. சிப்பும் உரிமக் கட்டணமும் மிஞ்சின. போனின் விலையில் இத்தனை சதவீதம் என்று வாங்கியதால் ஆப்பிள் 2017-இல் வழக்குப் போட்டு, 2019-இல் சமாதானமானது.

இந்தக் காகிதக் களஞ்சியத்தை வாங்க 2017 நவம்பரில் ஒரு சிப் நிறுவனம் கிளம்பியது: பிராட்காம். கடைசியில் கேட்ட விலை சுமார் 11,700 கோடி டாலர். அப்போது சட்டப்படி அது சிங்கப்பூர் நிறுவனம். முகவரி ஈசூன் அவென்யூ 7. அமெரிக்காவின் வெளிநாட்டு முதலீட்டுக் குழு கவலைப்பட்டது. பிராட்காம் ஆய்வுச் செலவை வெட்டிவிடும், 5ஜியில் குவால்காம் பின்தங்கும், அந்த இடத்தைச் சீன நிறுவனங்கள் பிடிக்கும் என்றது. 2018 மார்ச் 12-ஆம் தேதி அதிபர் டிரம்ப் அதைத் தடுத்து உத்தரவிட்டார். அடுத்த மாதமே பிராட்காம் தன் சட்ட முகவரியை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொண்டது. தேசப் பாதுகாப்பு என்பதில் அரசியல் கலந்திருக்கும்தான். ஆனால் ஆய்வுச் செலவைப் பற்றிய அந்தக் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. அடுத்த சக்திக் கட்டுப்பாட்டை யாராவது பத்து வருடம் உட்கார்ந்து யோசித்தாக வேண்டுமே.

அண்ணன் தேநீரின் கடைசி வாயைக் குடித்தார்.

"ஈசூன் அவென்யூ ஏழா? அந்த வழியில எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்பா. ஏதோ திருகாணி ஃபேக்டரின்னுல்ல நினைச்சேன்."

மடக்கு போனை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினார்.