கம்பைல்: பெயர்ப்பா, தொகுப்பா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரிக் கணினிக்கூடங்களில் ‘கம்பைல் ஆகவில்லை’ என்ற புலம்பல் கேட்காத நாள் இருக்காது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்குக் கொண்டுவருவதைத்தான் ‘கம்பைல்’ என்கிறார்கள். பத்து வரி நிரல் எழுதிப் பார்க்கும் முதலாண்டு மாணவரும் இதைச் சொல்கிறார். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை முப்பரிமாண உருவமாகக் காட்டும் ‘த்ரீடி ஸ்லைசர்’ போன்ற பெரிய மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து தன் மேசைக் கணினியில் உருவாக்க முனையும் ஆய்வு மாணவரும் இதையே சொல்கிறார். இருவர் செய்வதும் ஒரே வேலை அன்று. ஆனாலும் சொல் ஒன்றாகவே இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

லத்தீனில் ‘கொம்பிலாரே’ என்றால் கொள்ளையிடுதல். பிறர் எழுதியவற்றிலிருந்து எடுத்தெடுத்துத் தன் நூலில் சேர்ப்பவரைக் குத்திக்காட்டப் பயன்பட்ட அந்தச் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாளடைவில் ‘பல இடங்களிலிருந்து திரட்டி ஒன்றாக்குதல்’ என்ற கௌரவமான பொருளைப் பெற்றது. ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் ஊருக்கு ஊர் நிற்கும் இந்த மாவட்டங்களில் இது வியப்பூட்டாது. கவர்ந்து வந்த மாடுகளைப் பங்கிட்டுக்கொள்வதற்குக்கூடப் ‘பாதீடு’ என்று புறப்பாட்டில் துறை வகுத்தவர்கள் நம் முன்னோர்.

கணினி உலகுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர். 1952 வாக்கில் யூனிவாக் கணினிக்காக அவர் உருவாக்கிய ‘ஏ-0’ செய்த வேலை உண்மையிலேயே திரட்டும் வேலைதான். காந்த நாடாவில் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த துணைநிரல்களில் வேண்டியவற்றை எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே நிரலாகச் சேர்த்துக் கொடுத்தது. எனவே அந்தப் பெயர் பொருத்தமானது. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் போர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது வேலை மாறிவிட்டது. மனிதர் எழுதும் சூத்திரம் எந்திரக் கட்டளையாக மொழிமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

சி++ என்ற நிரல்மொழியில் எழுதிய இன்றைய மென்பொருளில் என்ன நடக்கிறது? நூற்றுக்கணக்கில் இருக்கும் நிரல்கோப்புகள் தனித்தனியே எந்திரமொழிக்குப் பெயர்க்கப்படுகின்றன. அப்படிக் கிடைக்கும் ‘ஆப்ஜெக்ட்’ கோப்புகளையும் வெளி நூலகங்களையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் திரட்டுகளையும்) ‘லிங்கர்’ ஒன்றாகப் பிணைக்கிறது. ஹாப்பர் ‘கம்பைலர்’ என்று அழைத்த வேலை இன்று பெரிதும் லிங்கரின் வேலை. ‘கம்பைலர்’ என்ற பெயரைச் சுமப்பதோ மொழிபெயர்ப்பாளர்.

தமிழில் இதற்குத் தொகுப்பி, தொகுப்பான், நிரல்பெயர்ப்பி, நிரல்மாற்றி என்று பல சொற்கள் புழங்குகின்றன. எது சரி என்ற வழக்கில் நான் நிரல்பெயர்ப்பியின் பக்கம். ‘தொகுப்பி’ என்பது ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளைப் பார்த்து அமைத்தது. கருவி இன்று செய்யும் வேலையை அது காட்டவில்லை. தொகுத்தலும் பெயர்த்தலும் வேறு வேறு என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகவே பிரிக்கிறது. முதல் நூலிலிருந்து பிறப்பவை என்ற வகையில் இவை உறவு. செய்யும் முறையில் வேறு. ஆங்கிலம் கலந்துவிட்டதை நாமும் கலக்க வேண்டியதில்லை.

அதற்காகத் ‘தொகுத்தல்’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. மென்பொருள் முழுவதையும் மூலத்திலிருந்து உருவாக்கும் பெரிய வேலைக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. இங்கே சங்க இலக்கியப் பதிப்புகளின் முகப்பைப் புரட்டிப் பார்க்கலாம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஒருவர் பாடல்களைக் கையாள்கிறார், மற்றவர் வேலையை நடத்தி வைக்கிறார். ‘சிமேக்’ என்ற கருவி இந்த இரண்டாமவர். தானாக ஒரு வரியையும் அது பெயர்ப்பதில்லை. எந்த நிரல்பெயர்ப்பி இருக்கிறது, எந்த நூலகம் எங்கே கிடக்கிறது, எதன் பின் எது என்று பார்த்து ‘மேக்’ போன்ற கருவிகளுக்கு ஆணை எழுதிக் கொடுக்கிறது. மேக் 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் எழுதியது. சிமேக் பிறந்ததே மருத்துவப் படங்களுக்காகத்தான்: அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஆதரவில் 1999-இல் தொடங்கிய ‘ஐடிகே’ என்ற படப் பகுப்பாய்வு நூலகத்தைப் பலவகைக் கணினிகளிலும் உருவாக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஸ்லைசர் இன்றும் ஐடிகே மேல்தான் நிற்கிறது. ஸ்லைசரைத் தொகுக்கத் தொடங்கினால், தனக்கு வேண்டிய ஐடிகே, விடிகே போன்ற நூலகங்களையும் தானே இறக்கி முதலில் அவற்றைத் தொகுத்துக்கொள்ளும்.

‘சோர்ஸ்’ என்பதற்கு மூலம். ‘மூலமும் உரையும்’ என்று பதிப்பித்துப் பழகிய நமக்கு இது தடுமாற்றம் தராது. ஆனால் பேருந்து நிலையச் சுவர் விளம்பரங்கள் ‘மூலம், பௌத்திரம்’ என்று அந்தச் சொல்லை வேறு துறைக்கு எடுத்துக்கொண்டுவிட்டதால், மூலநிரல் என்று முழுதாகச் சொல்வது நல்லது. மூலம் கையில் இருப்பதன் அருமையைத் தகடூர்க்காரர்களுக்கு, அதாவது தருமபுரிக்காரர்களுக்கு, விளக்க வேண்டியதில்லை. அதியமானின் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூல் எடுத்துச் சேர்த்த பாடல்களும் உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களுமே மிச்சம். மூலநிரல் இல்லாமல் இயங்கு கோப்பு மட்டும் இருந்தால் ஓட்டலாம், திருத்துவது பெரும்பாடு.

சொற்களைப் பிரித்துக்கொள்வதில் கைமேல் பலன் உண்டு. ‘கம்பைல் ஆகவில்லை’ என்பதற்குள் மூன்று வேறு தோல்விகள் ஒளிந்திருக்கின்றன. க்யூடி நூலகம் கிடைக்கவில்லை என்று சிமேக் தொடக்கத்திலேயே நின்றால் அது தொகுப்பிப்புப் பிழை. நிரலில் கை வைக்காமல், விடுபட்ட பொதியை நிறுவிப் பாதையைக் காட்ட வேண்டும். தலைப்புக் கோப்பு இல்லை, இலக்கணம் தவறு என்று ஒரு கோப்பின் பெயரும் வரி எண்ணும் சொல்லி நின்றால் பெயர்ப்புப் பிழை. எல்லாக் கோப்பும் பெயர்ந்து முடிந்த பிறகு, கடைசியில் ‘அன்டிபைன்ட் ரெபரன்ஸ்’ (சுட்டிய பெயருக்குரிய நிரல் இல்லை) என்று வந்தால் பிணைப்புப் பிழை. பெரும்பாலும் நூலகம் விடுபட்டிருக்கும், அல்லது பதிப்பு பொருந்தாது.

எந்தக் குறையும் சொல்லாமல் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்பது இந்த மூன்றிலும் சேராது. ஒரே நேரத்தில் பல கோப்புகளைப் பெயர்க்கச் சொன்னதால் நினைவகம் நிரம்பி, லினக்ஸ் இயங்குதளம் தானே வேலையைக் கொன்றிருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று மேக்குக்குச் சொல்லும் ‘ஜே’ தெரிவில் கொடுத்த எண்ணைக் குறைத்தால் நேரம் பிடிக்கும், ஆனால் முடியும். நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். மேக் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, முடிந்தவற்றை விட்டு மீதியை மட்டும் தொடரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு வெறுமையாக நின்றுவிடக்கூடும். அதன் நேரம் புதிதாக இருப்பதால் மேக் அதை முடிந்ததாக எண்ணிக்கொள்ளும். பிறகு பிணைப்பில்தான் குட்டு வெளிப்படும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் போதும், கோப்புகள் இருக்கும் முழு அடைவையும் அழிக்கத் தேவையில்லை.