காலை சிகரெட்டும் ஃப்ளூ காய்ச்சலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் நெஞ்சகப் பிரிவில் காய்ச்சலும் இருமலுமாக வருவோர் கூட்டம் பெருகிவிடும். புகைபிடிப்பீர்களா என்று கேட்டால் இளைஞர்கள் பலர், "பிடிப்பேன் டாக்டர், ஆனால் இது மழையில் நனைந்ததால் வந்தது" என்கிறார்கள். சிகரெட் என்றாலே முதுமையில் வரும் புற்றுநோய்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. இந்த வாரத்துக் காய்ச்சலிலும் அதற்குப் பங்கு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இஸ்ரேல் ராணுவத்தின் ஒரு பிரிவில் எச்1என்1 ஃப்ளூ பரவியபோது 336 இளம் வீரர்களை ஆராய்ந்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். புகைபிடித்தவர்களில் 68.5 சதவீதம் பேருக்கு ஃப்ளூ கண்டது, பிடிக்காதவர்களில் 47.2 சதவீதம். படுத்த படுக்கையானவர்கள் அல்லது வேலைக்குப் போக முடியாதவர்கள் முதல் வகையில் 50.6 சதவீதம், இரண்டாம் வகையில் 30.1 சதவீதம். எல்லோருமே ஆரோக்கியமான, கட்டுடல் கொண்ட இளைஞர்கள் என்பதைக் கவனியுங்கள்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, கிருமி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றின் அசைவைக் குறைக்கிறது. நாளடைவில் அவற்றை உதிர்த்தும் விடுகிறது. சளியோ கூடுதலாகச் சுரக்கிறது. நுரையீரலின் காற்றறைகளில் கிருமிகளை விழுங்கும் செல்கள் புகைபிடிப்போரிடம் எண்ணிக்கையில் அதிகமாகவே இருக்கின்றன, ஆனால் விழுங்கும் திறன் மங்கிவிடுகிறது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அதன் பெருக்கத்தைத் தடுக்க வேண்டும். புகைபிடிப்போரின் மூக்குச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஃப்ளூ வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது, அந்தச் சுரப்பு குறைந்து வைரஸ் கூடுதலாகப் பெருகியது. வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் அடுத்து நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா இறங்கினால் நிமோனியா. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கட்டம்தான்.

"காலையில் ஒரு சிகரெட் பிடித்தால்தான் சார் சளி வெளியே வருகிறது" என்று பலரும் நம்பிச் சொல்கிறார்கள். இரவு முழுவதும் புகை இல்லாததால் மயிரிழைகள் சற்றே தேறி, தேங்கிய சளியை மேலே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. சளி வெளியே வருவது அதனால்தான். அந்த நேரத்தில் உள்ளே போகும் முதல் புகை அவற்றை மறுபடியும் முடக்குகிறது. காய்ச்சல் நாட்களில் மென்தால் சிகரெட்டுக்கு மாறுவதும் வீண். தொண்டை குளிர்ந்தாற்போல் தோன்றுமே தவிர, உள்ளே போவது அதே புகைதான்.

புகையை விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். "விட்டதால்தான் இருமுகிறது" என்று பயந்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மயிரிழைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன. இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தனியாக விட முடியாதவர்கள் 1800 11 2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள், புகையை இன்னும் விடாதவர்களும்கூட. காய்ச்சல் வந்துவிட்டால், புகைபிடிப்பவர் என்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை தேவைப்பட்டால் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம்.