பில் இருக்கிறது, ஆடு எங்கே?

போன மாதம் தலைஞாயிறு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைத் தணிக்கை செய்தேன். கணவரை இழந்த பெண்களுக்கு ஆடு வாங்கிக் கொடுத்ததாக வவுச்சர் (செலவுச் சீட்டு). பில், கையெழுத்து, போட்டோ எல்லாம் கச்சிதமாக இருந்தன. பட்டியலில் இருந்த ஆறு வீடுகளுக்குப் போனேன். இரண்டில்தான் ஆடு இருந்தது. "போட்டோ எடுத்துட்டு அடுத்த தெருவுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் ஒரு அம்மா.

2004 சுனாமிக்குப் பிறகும் 2018 கஜா புயலுக்குப் பிறகும் இந்தக் கடலோரத்தில் கேட்டுச் சலித்த வாக்கியம்: "பில் இருக்கு சார், கணக்கு சரி." சரியில்லை! பில் என்பது கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாள். சரக்கு வந்து இறங்கியதா, எத்தனை இறங்கியது, யார் கைக்குப் போனது, எதுவும் அதில் இல்லை. ஒரே பில்லை இரண்டு நன்கொடையாளருக்குக் காட்டலாம். விலையை ஒப்பிட வாங்கும் மூன்று கடைகளின் விலைப்புள்ளியையும் (கொட்டேஷன்) ஒரே ஆள் எழுதலாம். மூன்றிலும் அதே எழுத்துப் பிழை இருக்கும். மார்ச்சில் 41, ஜூனில் 42, செப்டம்பரில் 43 என்று பில் எண் வந்தால், நடுவில் அந்தக் கடை வேறு யாருக்கும் விற்கவே இல்லையா?

சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (FCRA) 2020 திருத்தத்தின்படி வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆனால் இங்கே கொட்டில் காலியாகக் கிடப்பது டெல்லிக்கு எப்படித் தெரியும்?

அசல் பில்லின் மேல் நன்கொடையாளர் பெயரை முத்திரையாகக் குத்துங்கள். ஆர்டர் போடுபவர், சரக்கைச் சரிபார்ப்பவர், செக் எழுதுபவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கிராம சபையில் வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை விட நல்ல தணிக்கையாளர் கிடையாது. பணம் அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று: நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்று நெருக்காதீர்கள். நான் பிடித்த பொய் பில்களில் பல அந்தக் கடைசி வாரத்தில் எழுதியவை.

அப்புறம், உதவி வாங்கும் அம்மாக்களே, அக்காக்களே, பொருள் கைக்கு வருமுன் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.