விதை வரப்பு தாண்டும், பார்வை?

புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்த நெல்வயலை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பச்சைக்கு நடுவே வட்டவட்டமாக, தீய்ந்ததுபோல் காய்ந்த திட்டுகள். 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியாவில், அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜாவா தீவு வயல்களில் இந்தத் திட்டுகள் பரவின. மருந்துக்குப் பஞ்சமில்லை. விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றதால் தாராளமாகவே அடித்தார்கள். வினையே அதுதான்.

புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகிவிடும். மருந்து அங்கே எட்டாது. வெளியில் அலையும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் சாகும். சில நாட்களில் முட்டை பொரிக்கும்போது குஞ்சுகளைத் தின்ன ஆளே இருக்காது. மறுபடி மருந்து, மறுபடி புகையான்.

1986-இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு, 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது. 1989-க்குள் மானியமும் நின்றது. அதே ஆண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒரு பள்ளிக்கு 25 பேர் சொச்சம், ஒரு போகம் முழுக்க வாரத்தில் ஒரு காலை. வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பூச்சி எண்ணுவார்கள். கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா என்று வாதிடுவார்கள். வலைக்கூண்டில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து அடைத்து, எது எதைத் தின்கிறது என்று பார்ப்பதும் உண்டு. வயலில் ஊர்வதெல்லாம் எதிரி என்று இருந்தவருக்கு அந்தக் கூண்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பத்தாண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் படித்தார்கள். பெரிய எண்தான், ஆனால் அந்நாட்டு நெல் விவசாயிகளில் சிறு பங்கு. படித்தவர் பக்கத்து வயல்காரருக்குச் சொல்வார் என்பது கணக்கு. உலக வங்கிப் பொருளாதார ஆய்வாளர்கள் 1991, 1999 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள்: படித்தவர்களிடமே விளைச்சலிலும் மருந்து உபயோகத்திலும் தெளிவான மாற்றம் இல்லை, பக்கத்து வயல்காரருக்கும் பெரிதாக எதுவும் போய்ச் சேரவில்லை. மருந்து குறைந்தது என்று சொன்ன வேறு ஆய்வுகளும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை.

பக்கத்து வயல்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்ற இரண்டாவது முடிவில் எனக்கு வியப்பில்லை. புது நெல் ரகம் என்றால் கதிரை வரப்பிலிருந்தே பார்க்கலாம், நாலு படி கேட்டு வாங்கி விதைக்கலாம். மருந்து அடிக்காமல் விட்டதை யார் பார்ப்பது? தூரைப் பிரித்து எண்ணும் பழக்கத்தை டீக்கடைப் பேச்சில் கொடுக்க முடியுமா? பிற்பாடு பள்ளியில் படித்த விவசாயிகளே அடுத்த பள்ளிகளை நடத்தினார்கள். செலவு குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு 25 பேருக்கும் மறுபடி ஒரு போகம் வேண்டும்.

படித்தவர்களிடமே மாற்றம் இல்லை என்ற முதல் முடிவில்தான் எனக்கு ஒரு சந்தேகம். மானியம் நின்றபோது மருந்தின் விலை எல்லாருக்கும் ஏறியது, பள்ளிக்குப் போகாதவருக்கும் சேர்த்து. 1991-இல் கணக்கெடுக்க வந்தபோது அதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஏற்கெனவே கையைச் சுருக்கியிருந்தவர்களிடம் பள்ளி இன்னும் எவ்வளவு குறைத்துக் காட்டியிருக்க முடியும்?