கை நடுங்குவது யாருக்குத் தெரியும்?

“கல்லூரியில் மேடைப் பேச்சை ஒரு பாடமாகவே வைத்துவிட்டார்கள். எழுந்து பெயரைச் சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு ஒரு செமஸ்டரில் என்ன மாறிவிடப்போகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கோபமும் தெரிகிறது. நியாயம்தான்.

உடம்பில் நடப்பது பள்ளியில் படித்ததுதான். பெயரைக் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, வாய் வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆய்வகத்தில் ஒருவருக்கு மன அழுத்தத்தை வரவழைக்க வேண்டுமா? பேசச் சொன்னால் போதும். 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முறை இதுதான்: முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும், அப்புறம் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் எகிறிவிடும். இன்றும் உலகெங்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதையே 20 ஆண்களிடம் ஐந்து நாள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளிலேயே கார்டிசால் நன்றாகக் குறைந்துவிட்டது. சிலருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆக, பழகப் பழகப் பயம் போய்விடும் என்பது பலருக்கு உண்மை, எல்லோருக்கும் அல்ல.

நம் வாசகர் அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால்? எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இங்கேதான் வருகிறது.

மேடையில் நிற்பவருக்குத் தன் இதயம் மேளம்போல் அடிப்பது தெரிகிறது. எதிரே இருப்பவர்களுக்கு அது கேட்காது என்றும் தெரியும். அதனால் ‘என் பதற்றம் 100 என்றால் வெளியே 80தான் தெரியும்’ என்று மனம் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்கிறது. ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரிவது 30தான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கை உள்ளே இருக்கும் 100-இல் தொடங்குவதால்தான் இந்தப் பிழை. எவ்வளவு இறங்கினாலும் போதிய அளவு இறங்குவதில்லை. நாம் நம்மையே கண்ணாடிப் பெட்டியாக நினைத்துக்கொள்கிறோம்.

விளைவு ஒரு சுழல். நடுங்குகிறேன், எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அந்த நினைப்பே இன்னும் நடுங்க வைக்கிறது.

கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பேச வைத்தார்கள். ஒரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றிடம் ‘பதற்றம் இயல்புதான், கவலைப்படாதீர்கள்’ என்றார்கள். மூன்றாவது குழுவிடம் மட்டும், உள்ளே இருக்கும் பதற்றம் நாம் நினைக்கிற அளவு வெளியே தெரிவதில்லை என்பதை விளக்கினார்கள். நன்றாகப் பேசியது மூன்றாவது குழு. அவர்களே அப்படி உணர்ந்தார்கள். பார்த்தவர்களும் அப்படித்தான் மதிப்பெண் போட்டார்கள். வெறும் ஆறுதலுக்குப் பலனில்லை. ஒரு கேமராவும் சில மாணவர்களும் இருந்தால் நடத்திவிடக்கூடிய இம்மாதிரி எளிய ஆய்வுகளுக்கு இன்னும் நிறையப் பணம் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பேச்சு வகுப்பில் வீடியோ எடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. என் முதல் பேச்சில் நடுவே ஒரு சொல் மறந்துபோய், ஒரு யுகம் விழித்துக்கொண்டு நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் எண்ணிப் பார்த்தால் மூன்று விநாடி. யோசித்துப் பேசுகிறவன் மாதிரி வேறு தெரிந்தது!

வகுப்பில் ‘சொற்கள் வெறும் 7 சதவீதம், மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்’ என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த எண் பிறந்த, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகள் விருப்பு வெறுப்பை வெளிப்படுத்துவது பற்றியவை. மேடைப் பேச்சுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. படித்தவர்கள் பரப்பும் மூடநம்பிக்கை இது. சொற்கள் 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் ஒரு பாடம் கேட்டுப் பாருங்களேன்.

சரி, நடுக்கம் வெளியே தெரிவதே இல்லையா? ஓரிரு இடத்தில் தெரியும். எல்லோர் கையும் எப்போதுமே விநாடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். அட்ரினலின் அதைப் பெரிதாக்குகிறது. வெறும் கையில் அது கண்ணுக்குப் படாது. ஒரு ஓரத்தில் பிடித்த தாளில், மறு ஓரம் நெம்புகோலின் நுனிபோல் அதிகமாக ஆடும். படபடவென்று சத்தமும் வரும். லேசர் விளக்கு இன்னும் மோசம்: மணிக்கட்டு அரை டிகிரி அசைந்தாலே 5 மீட்டர் தள்ளியுள்ள திரையில் சிவப்புப் புள்ளி 4 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளும். எனவே தாளை மேசையில் வைத்துவிடுங்கள். லேசரைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு காட்டுங்கள், காட்டிய கையோடு அணைத்துவிடுங்கள்.